நாலு தோளில் ஏறிய வாள்

ஊருக்கு ஒரு முட்டாள் இருந்தாலே பொழுது போய்விடும். திருப்பொய்கைக்குடிக்கு நாலு பேர் வாய்த்தார்கள். நாலு பேரும் ஒரே பல்லக்கைத் தூக்குகிறவர்கள் என்பதால், அவர்களைத் தனித்தனியாகத் தேடும் சிரமமும் ஊருக்கு இல்லாமல் போயிற்று.

பெருமாள் கோயில் பல்லக்குக்கு முன்னால் நீலமேகமும் கலியனும், பின்னால் சாரங்கனும் உப்பிலியும். நீலமேகம்தான் தலைவன். அவன் "தூக்கு" என்றால் தூக்குவார்கள், "இறக்கு" என்றால் இறக்குவார்கள், ஒன்றும் சொல்லாவிட்டால் ஒன்றும் செய்ய மாட்டார்கள். நாலு தோள் சேராமல் எதையும் தூக்கக் கூடாது என்பது அவர்கள் தொழிலில் முதல் பாடம். அந்தப் பாடத்தை அவர்கள் வீட்டுக்கும் கொண்டுபோய்விட்டார்கள். கலியன் வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் வாங்கினால் மூங்கிலில் கட்டி நாலு பேராகத் தூக்கி வருவார்கள். அதையாவது ஒப்புக்கொள்ளலாம். சாரங்கன் வீட்டுக்குக் கொத்தமல்லிக் கட்டு வாங்கினாலும் அப்படித்தான் வரும்.

இந்த நாலு பேரில் உப்பிலிக்கு மட்டும் காதல் வந்தது. காதல் ஒருத்தனே தூக்க வேண்டிய சுமை என்பதால் பாவம், மிகவும் கஷ்டப்பட்டான்.

பெண்ணின் பெயர் பூங்கோதை. கீழவீதியில் தகரக் கூரை போட்ட கேம் சென்டர் நடத்தும் பக்கிரிசாமியின் ஒரே மகள். கெட்டிக்காரி. அவளுக்கு உப்பிலியைப் பிடித்த கதை வேடிக்கையானது. ஒரு புறப்பாட்டில் பேய்மழை பிடித்துக்கொண்டது. பெருமாளை மண்டபத்தில் இறக்கிவிட்டு எல்லோரும் ஓடிய பிறகும் உப்பிலி மட்டும் மழையில் நனைந்தபடி நின்றான். 'போகலாம்' என்று அவனிடம் சொல்ல நீலமேகம் மறந்துவிட்டான், அவ்வளவுதான். காரணம் தெரிந்த பிறகும் பூங்கோதைக்கு அவனைப் பிடித்திருந்தது.

பக்கிரிசாமிக்கு மாப்பிள்ளையின் சொத்து, சம்பளம், ஜாதகம் எதிலும் அக்கறை இல்லை. அவருக்கு ஒரே ஒரு குறைதான். மஸ்கட்டில் வேலை பார்த்த காலத்தில் அறைத்தோழன் ஒருவன் வீடியோ கேம் ஒன்று வைத்திருந்தான். வஜ்ரன் என்ற வீரன் காடு மலை தாண்டிப் போய், கல்லரக்கன் சிறை வைத்திருக்கும் இளவரசியை மீட்கிற ஆட்டம். கையில் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு நிஜமாகவே வீச வேண்டும், வீசினால் திரையில் வஜ்ரனின் வாள் வீசும். பக்கிரிசாமி வீசி வீசி முழங்கை வீங்கியதுதான் மிச்சம், கல்லரக்கன் சாகவில்லை. அதே ஆட்டத்தை இப்போது புதுப்பித்து மறுபடி வெளியிட்டிருந்தார்கள். ஓடிப்போய் வாங்கி வந்தார். படம் பளிச்சென்று இருந்தது, கல்லரக்கனும் முன்பைவிடப் பளிச்சென்று இருந்தான், அவர்தான் முன்புபோலவே தோற்றார்.

"புதுசுல கையை வீச வேணாமாம், பட்டனை அமுக்கினாலே வெட்டுமாம். அமுக்கி ஜெயிக்கிறது ஒரு ஜெயமா?" என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் கேட்டார். "கையை வீசி, எங்கண்ணு முன்னாடி அந்தக் கல்லுப்பயலைச் சாய்க்கிறவன் எவனோ, அவனுக்குத்தான் எம்பொண்ணு."

மன்னார்குடியிலிருந்து திவாகர் என்று ஓர் இன்ஜினியர் மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக இருந்தது. வந்த கையோடு அவனும் கல்லரக்கனைச் சந்திப்பதாக ஏற்பாடு. பூங்கோதை உப்பிலியைக் கோயில் வாசலில் பிடித்தாள்.

"அப்பா மத்தியானம் சாப்பிட்டுட்டுத் தூங்குவாரு. அப்ப கடைக்கு வாங்க, சொல்லித் தரேன். தனியா வாங்க."

மறுநாள் மத்தியானம் கடை வாசலில் நாலு பேரும் நின்றார்கள்.

"தனியா வரச் சொன்னேனே?"

"தனியாத்தாம்மா வந்திருக்கோம்" என்றான் நீலமேகம். "எங்க நாலு பேரைத் தவிர வேற யாரையும் கூட்டியாரலை."

அவள் பெருமூச்சு விட்டு டிவியைப் போட்டாள். திரையில் இங்கிலீஷில் வருவதைத் தமிழில் படித்துச் சொல்வது அவள் வேலை. முதலில் வந்தது ரிமோட்டின் வாரைப் பற்றிய எச்சரிக்கை.

"விளையாடறவங்க இந்த வாரை மணிக்கட்டுல மாட்டிக்கணும். இல்லாட்டி ரிமோட்டு கைநழுவிப் பறந்துடும்" என்றாள். அதற்குள் கல்லாவில் ஆள் வந்து நிற்க, அவள் அங்கே போனாள்.

"நாலு பேருந்தானே விளையாடறோம்?" என்று கேட்டான் கலியன்.

"ஆமா."

"அப்ப நாலு மணிக்கட்டு ஆச்சே. வாரு ஒண்ணுதானே இருக்கு."

நீலமேகம் யோசித்தான். அவன் யோசித்தால் மற்ற மூவரும் மூச்சை அடக்கிக்கொள்வது வழக்கம். பிறகு நாலு மணிக்கட்டுகளையும் ஒன்றாகச் சேர்த்து, ரிமோட்டை நடுவில் வைத்து, கலியனின் துண்டால் இறுக்கிக் கட்டினார்கள். வேலை சுத்தம். அந்த நேரம் பார்த்து சாரங்கனுக்கு மூக்கு அரித்தது. நாலு கையும் சேர்ந்து அவன் மூக்குக்குப் போயின. திரையில் வஜ்ரன் தனக்குத் தானே மொட்டை அடிக்கப் போகிறவன் போல வாளைத் தலைமேல் சுழற்றினான். பயந்துபோன கலியன் கையை இழுக்க, வஜ்ரன் பக்கத்தில் நின்ற சொந்தக் குதிரையை ஒரு போடு போட்டான். பூங்கோதை திரும்பி வந்தபோது வஜ்ரனைக் குதிரை துரத்திக்கொண்டிருந்தது. துண்டின் முடிச்சை அவிழ்ப்பதற்குள் அன்றைய பொழுது முடிந்தது.

அடுத்த நாள் அவள் இன்னும் பொறுமையாகத் தொடங்கினாள். "சுத்தி யாரும் இல்லாம பாத்துக்கணும்னு போட்டிருக்கு. கையை வீசறப்ப பட்டுடும். பாத்துக்குங்க, அப்பா முழிச்சிட்டாரான்னு பாத்துட்டு வரேன்."

அவள் உள்ளே போனதும் ஆலோசனை கூடிற்று.

"சுத்தின்னா எதுவரைக்கும்ணே?" என்றான் உப்பிலி.

"பெருமாள் புறப்பாட்டுக்கு எதுவரைக்கும் ஒதுங்கச் சொல்றோம்?"

"நாலு வீதியும்."

"வாளு வருது, நாலு வீதி போதுமா?" என்று கவலைப்பட்டான் சாரங்கன்.

"ஆத்தங்கரை வரைக்கும் சொல்லிடுவோம். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நம்மளைத்தான் கேப்பாங்க" என்று நீலமேகம் முடிவாகச் சொன்னான்.

நாலு பேரும் நாலு திசையில் ஓடினார்கள். "ஒதுங்குங்க! ஒதுங்குங்க! சுத்தி யாரும் இருக்கக் கூடாதாம்!" டீக்கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை அந்தரத்தில் விட்டுவிட்டு ஓடினார். சலூனில் ஒருவர் பாதி மீசையோடு ஓடினார். எதற்கு ஓடுகிறோம் என்று யாருக்கும் தெரியாததால் எல்லோரும் வேகமாக ஓடினார்கள். கேஸ் கசிவு என்று யாரோ போன் போட, தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு வந்து நின்றது. இறங்கிய அதிகாரி, "என்ன ஆபத்து?" என்று கேட்டார்.

"இன்னும் ஆபத்து வரலைங்க. இனிமேத்தான் ஆட்டத்தை ஆரம்பிக்கணும். நீங்களும் கொஞ்சம் ஒதுங்கினா தேவலை" என்று நீலமேகம் மரியாதையாகச் சொன்னான்.

மணிச்சத்தத்தில் பக்கிரிசாமி விழித்துக்கொண்டார். அன்றைக்கும் வஜ்ரன் நின்ற இடத்திலேயே நின்றான்.

வெள்ளிக்கிழமை பூங்கோதை ஒரு முடிவோடு இருந்தாள். மற்ற மூவரையும் மூலையில் உட்காரவைத்துவிட்டு, ரிமோட்டை உப்பிலியின் கையில் கொடுத்தாள். "நீங்க மட்டும் பிடிங்க. வீசுங்க, பாப்போம்."

உப்பிலி ரிமோட்டைப் பார்த்தான். அதன் எடை ஒரு வாழைப்பழம் அளவுகூட இராது. ஆனால் மூன்று தோள் குறைந்திருந்தது. யாரும் "தூக்கு" என்று சொல்லவும் இல்லை. அவன் கை வெடவெடவென்று நடுங்கிற்று, திரையில் வஜ்ரனும் குளிர்காய்ச்சல் கண்டவன் மாதிரி நடுங்கினான்.

"எனக்குத் தனியா வராது பூங்கோதை" என்றான். கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. "உனக்காக என்ன வேணா செய்யறேன். தனியா மட்டும் செய்யச் சொல்லாதே."

பூங்கோதைக்கு எரிச்சலும் பரிதாபமும் ஒன்றாக வந்தன. எரிச்சல்தான் முந்திக்கொண்டது. "அப்பன்னா பல்லக்குத் தண்டுல கட்டி நாலு பேரும் தூக்கிக்கிட்டு ஆடுங்க, போங்க!"

நாலு முகமும் மலர்ந்தன. இத்தனை நாளில் அவர்களுக்குப் புரிகிற மாதிரி அவள் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

கோயிலில் சும்மா கிடந்த பழைய தண்டு ஒன்று வந்தது. நடுவில் ரிமோட்டைக் கட்டினார்கள். தண்டின் முனை வாசல் வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால் நீலமேகம் வெளியே நின்றே, "தூக்கு!" என்றான். நாலு தோளும் ஏறின. திரையில் வஜ்ரன் வாளை உருவி உயர்த்தினான். இடது காலை எடுத்து வைத்தார்கள். தண்டு ஆட, வாள் வீச, எதிரே வந்த குட்டி அரக்கன் ஒருவன் சுருண்டு விழுந்தான். வலது காலை வைத்தார்கள். இன்னொருவன் விழுந்தான்.

பூங்கோதை திறந்த வாயை மூடவில்லை. "அட! அப்படித்தான்! இடப்பக்கம் திரும்புங்க, பாலம் வரும். திரும்பியாச்சா? இனிமே நேராப் போங்க, போய்க்கிட்டே இருங்க!"

போய்க்கொண்டே இருந்தார்கள். கடை வாசல் போயிற்று, கீழவீதி போயிற்று. தெற்குவீதி முனையில் வந்துதான் கலியனுக்கு ஒரு சந்தேகம் தட்டியது.

"வஜ்ரன் எங்கண்ணே?"

"கடையில இருக்கான்."

"அவன் கடையில இருக்கான், நாம மட்டும் வீதியில போறமே. பெருமாளைக் கோயில்ல விட்டுட்டு வெறும் பல்லக்கைச் சுத்தினா ஊரு சிரிக்காதா?"

கலியன் சொன்னதில் தப்பு இல்லை என்று எல்லோருக்கும் பட்டது. உடனே திரும்பி வந்து, பூங்கோதை ஐயோ என்று கத்துவதற்குள் டிவியையும் தண்டில் ஏற்றினார்கள். ஓர் அடி வைத்ததும் பிளக் கழன்றது. திரை இருண்டது. நாலு பேரும் டிவியை மெல்ல இறக்கிவைத்து, மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பவ்யமாக ஒதுங்கி நின்றார்கள்.

"நடை சாத்தியாச்சு" என்றான் நீலமேகம். "இனிமே சாயரட்சைக்குத்தான்."

சனிக்கிழமை ஒருவழியாக, தண்டு கடைக்குள் முழுசாக அடங்குகிற மாதிரி நாற்காலிகளை ஒதுக்கிப் பயிற்சி நடந்தது. காடு தாண்டி மலை தாண்டிக் கல்லரக்கனின் குகை வாசல் வரை வந்தார்கள். பக்கிரிசாமி எழுந்திருக்கும் நேரம் ஆகிவிட்டதால், ஆட்டத்தை அங்கேயே சேமித்து வைத்தாள் பூங்கோதை.

உப்பிலி தண்டிலிருந்து ரிமோட்டை அவிழ்த்துக் கொடுத்தான். "நாளைக்குத் தோத்துட்டா?"

"தோத்தா அந்த இன்ஜினியரைக் கட்டிக்க வேண்டியதுதான். அதனால தோக்காம இருங்க" என்றாள் அவள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் குரல் உடைந்துவிட்டது.

உப்பிலி வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அழுதான். "அவரை எனக்கு முன்னப்பின்னத் தெரியாதேண்ணே. நான் எப்படி அவரைக் கட்டிக்கிட்டு மன்னார்குடியில குடித்தனம் பண்ணுவேன்?"

"பெரிய படிப்பு படிச்சவரு, உன்னை நல்லா வச்சிப்பாரு" என்று நீலமேகம் தேற்றினான்.

ஞாயிற்றுக்கிழமை கடை நிறைந்துவிட்டது. மாப்பிள்ளை திவாகர் மடிப்புக் கலையாத சட்டையில் வந்தான். அவன் அம்மா தாம்பாளத்தில் பூ, பழம், குங்குமச்சிமிழோடு வந்து நடு நாற்காலியில் அமர்ந்தாள். பஜ்ஜியும் காபியும் ஆயிற்று. திவாகர் ரிமோட்டை வாங்கி, கட்டைவிரலால் டக் டக்கென்று அமுக்க ஆரம்பித்தான்.

"தம்பி, அமுக்கப்படாது" என்று பக்கிரிசாமி தடுத்தார். "வீசணும்."

அவன் எழுந்து ஒரு வீசு வீசினான். தோள்பட்டை பிடித்துக்கொண்டது. கல்லரக்கன் விட்ட ஒரே அறையில் வஜ்ரன் பொத்தென்று விழுந்தான். "எங்க வீட்டுல ஒரு குடம் தண்ணி தூக்கவிட்டதில்லை" என்று பெருமையாகச் சொல்லியபடி அம்மா அவன் தோளை நீவிவிட்டாள்.

"மாமா, நாங்க ஒரு தடவை பாக்கலாமா?" என்ற குரல் வாசலில் கேட்டது. உப்பிலி நின்றான். அவனுக்கு முன்னால் மூன்று பேரும் ஒரு தண்டும் நின்றார்கள்.

"ஒரு பொண்ணுக்கு நாலு பேரா?" என்று அதிர்ந்தார் பக்கிரிசாமி.

"பொண்ணு அவனுக்கு மட்டும்தாங்க. வெயிட்டு மட்டும்தான் நாலு பேருக்கு" என்றான் நீலமேகம்.

பூங்கோதை அப்பாவின் காதருகே குனிந்து, "கையை வீசணும்னுதானே சொன்னீங்க? எத்தனை கைன்னு சொல்லலையே" என்றாள். பக்கிரிசாமி நாற்காலியை நகர்த்தித் தண்டுக்கு வழிவிட்டார்.

தண்டு ஏறியது. நாலு பேரும் ஆடி அசைந்து அடி வைத்தார்கள். வாள் கல்லரக்கனின் தோளில் பட்டது, முழங்காலில் பட்டது, ஒன்றும் ஆகவில்லை. அவன் திருப்பி அடித்த அடியில் வஜ்ரனின் உயிர் கடகடவென்று குறைந்தது. திரையில் புதிதாக ஏதோ வந்தது. பூங்கோதை கத்திப் படித்தாள்.

"வானத்துக்கு நேரா வாளை உயர்த்தணும்! அப்பத்தான் சக்தி வரும்! சீக்கிரம்!"

நாலு பேரும் நின்றுவிட்டார்கள்.

"வானம் எங்கம்மா இருக்கு?" என்றான் நீலமேகம், அண்ணாந்து பார்த்து. "தகரமில்ல இருக்கு."

"தகரத்துக்கு மேல வானம் இருக்கும்ணே" என்றான் சாரங்கன்.

"நீ பாத்தியா?"

"காலையில பாத்தேன்."

"காலையில இருந்தது இப்பவும் இருக்கும்னு என்ன நிச்சயம்? தப்பான இடத்துக்குத் தூக்கிட்டு முழிக்கணுமா?"

வஜ்ரனுக்கு இன்னும் ஓர் அடி விழுந்தது. இன்னொன்று விழுந்தால் கதை முடிந்துவிடும். உப்பிலி பூங்கோதையைப் பார்த்தான். அவள் கண்கள் நிறைந்திருந்தன. வாழ்நாளில் முதல்முறையாக நீலமேகத்துக்கு முன்னால் அவன் வாயைத் திறந்தான்.

"தூக்கு!"

யார் சொன்னால் என்ன, சொல் சொல்தானே. நாலு பேரும் தோளிலிருந்து தலைக்கு மேலே, கை எட்டுகிற மட்டும் தண்டை உயர்த்தினார்கள். தண்டு கூரையில் மோத, பழைய தகரம் ஒன்று ஆணியோடு பிய்த்துக்கொண்டு போய்ச் சந்தில் விழுந்தது. நீலவானம் பளீரென்று தெரிந்தது. திரையில் வஜ்ரனின் வாள் தகதகவென்று எரிந்தது.

"இறக்குங்க! ஓங்கி வெட்டுங்க!" என்று கூவினாள் பூங்கோதை.

யாருக்கும் காதில் விழவில்லை. திறந்த வானத்தில், அவர்கள் தலைக்கு நேர் மேலே, ஒரு கருடன் வட்டமிட்டுக்கொண்டிருந்தது.

"கருடாழ்வார்!" என்றான் நீலமேகம்.

பெருமாள் கோயில் ஆட்கள் கருடனைக் கண்டால் என்ன செய்வார்களோ அதைத்தான் செய்தார்கள். நாலு பேரும் ஒரே நேரத்தில் தண்டை விட்டுவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, இரு கையும் கூப்பினார்கள்.

தண்டு விழுந்தது. அவ்வளவு உயரத்திலிருந்து, அவ்வளவு வேகத்தில், அந்த ஆட்டத்தில் யாரும் வாளை வீசியிருக்க மாட்டார்கள். கல்லரக்கன் உச்சந்தலையிலிருந்து இரண்டாகப் பிளந்து, இந்தப் பக்கம் பாதியும் அந்தப் பக்கம் பாதியுமாகச் சாய்ந்தான். தண்டு பஜ்ஜித் தட்டை நசுக்கிவிட்டு உருண்டுபோய்ப் பக்கிரிசாமியின் கட்டைவிரலில் நின்றது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

"செத்தான்! கல்லுப்பய செத்தான்!" என்று நொண்டியபடியே குதித்தார். உப்பிலியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார். "மாப்பிள்ளே! எம்பொண்ணு இனிமே உங்க பொறுப்பு!"

பூங்கோதை முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள்.

அப்போது டிவியில் வீணை இசை எழுந்தது. குகைக்கதவு திறந்து, பட்டும் முத்துமாக இளவரசி நடந்து வந்து கை கூப்பி நின்றாள். பக்கிரிசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையில் வந்ததைத் தமிழில் படித்துச் சொன்னார்: "என்னைச் சிறைமீட்ட வீரரே, இனி நான் உங்களுடையவள்."

உப்பிலி வெலவெலத்துப்போனான். "ஐயய்யோ! எனக்குப் பூங்கோதை ஒருத்தி போதும்!"

"அதுக்காக அரக்கனையும் கொன்னுட்டு, வந்த பொண்ணை நடுக்காட்டுல நிக்க வைக்கறதா?" என்றான் கலியன். "வயசுப் பொண்ணு."

"பாவம்தான்" என்றான் சாரங்கன்.

நீலமேகம் யோசித்தான். எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். பிறகு அவன் மெல்ல மன்னார்குடிக்காரர்கள் பக்கம் திரும்பினான். "இங்க ஒரு பொண்ணு அதிகமா இருக்கு, அங்க ஒரு மாப்பிள்ளை அதிகமா இருக்காரு."

பூங்கோதைக்குச் சிரிப்பு அடங்கிப் பயம் பிடித்துக்கொண்டது, இப்போது சண்டை வரப்போகிறது என்று. ஆனால் மாப்பிள்ளையின் அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டிவியை உற்றுப் பார்த்தாள். தலையிலிருந்து கால்வரை நிதானமாகப் பார்த்தாள்.

"லட்சணமாத்தான் இருக்கா. நகையும் குறைவில்லை. கூப்பின கையை இன்னும் இறக்கலை பாருங்க, என்ன அடக்கம்!" என்றவள் குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணுதான் இடிக்குது. இந்த ஆட்டம் முன்னாடியே ஒரு தடவை வெளியாகி, இப்ப மறுபடி வந்திருக்குங்கறாங்களே. அப்ப பொண்ணுக்கு இது ரெண்டாம் தாரமா?"

பக்கிரிசாமி எழுந்து நின்றார். பெண்ணைப் பெற்றவரின் ரோஷம் அவர் முகத்தில் வந்துவிட்டது.

"அம்மா, வார்த்தையை அளந்து பேசுங்க. முதல் தடவை வந்தப்ப மஸ்கட்டுல நான் கூடவே இருந்தேன். ஒருத்தன், ஒரே ஒருத்தன் அந்தக் குகைக்கதவைத் திறந்தது கிடையாது. பொண்ணு தங்கம்!"

அம்மாவின் முகம் தெளிந்தது. குங்குமச்சிமிழைத் திறந்து, திரையிலிருந்த இளவரசியின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தாள். பூவை டிவியின் மேல் சாத்தினாள். "எங்களுக்குப் பூரண சம்மதம். திவா, நீ என்னப்பா சொல்றே?"

இவ்வளவு நேரமும் சுளுக்கிய தோளைப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தான் இன்ஜினியர். காது மடல் சிவந்திருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னான்:

"எல்லாரும் கொஞ்சம் வெளியில இருந்தீங்கன்னா, பொண்ணுகிட்ட ரெண்டு வார்த்தை தனியாப் பேசிட்டுச் சொல்றேம்மா."